ஓட்டைக்குக் கூலி

ஓர் ஓட்டைக்கு மூன்று க்ரைசர்.
கிழிசல் ஒரு முழத்தைத் தாண்டினால் ஐந்து.
ஃபியூமே பட்டறையின் கணக்கன்
என் பெயரைத் தப்பாக எழுதி
தொகையைச் சரியாக எழுதினான்.

துறைமேடையிலிருந்து வளைகுடாவுக்குள்
நூறு கஜத்துக்கு ஒன்றாக வலைகள்.
மீனுக்கு இல்லை.
மத்தி கூட்டமாகவே நுழைந்து போகும்,
அவ்வளவு அகலக் கண்ணி.

ஏழு மணிக்குக் கொம்பு ஊதும்.
குழாயிலிருந்து வழுக்கி விழும் அது.
எஃகு உடம்பு, வயிற்றில் அடைத்த காற்று,
வாலில் சுழலும் சிறு விசிறி.
பட்டறையில் எல்லோரும் அதை மீன் என்றார்கள்.
நான் சொல்லவில்லை.
மீன் எனக்குத் தெரியும்.

குமிழிகளின் வெள்ளைக் கோடு கலைந்ததும்
படகெடுப்போம், துடுப்புப் போட மிக்குலா.
வலையைத் தூக்கித் தடவிப் பார்த்து
"ஒன்பதடி" என்பேன்.
இன்ஜினியர் ஒட்டோகர் நோட்டில் குறிப்பார்.
அடுத்ததில் நாலடி.
அதற்கடுத்த வலையில் ஓட்டையே இல்லை;
அடிச்சேற்றில் மூக்கைக் குத்தி
எங்கேயோ படுத்துக்கிடக்கும்.
தண்ணீருக்குள் நடந்ததைக்
கரையில் நின்ற தொப்பிகள் எதுவும் பார்க்கவில்லை.
என் நூல் பார்த்தது.

ஒட்டோகர் ஜெர்மனில் திட்டுவார்.
அவர் திட்டிய நாளெல்லாம்
எங்கள் வீட்டில் வெள்ளை ரொட்டி.

பிறகு பூட்டிய அறைக்குள் ஏதோ செய்தார்கள்.
ஓர் ஊசல் என்றான் மிக்குலா,
கடிகாரத்தில் ஆடுமே, அது மாதிரி.
போரா காற்று ஓய்ந்த மறுநாள்
படகில் நின்று வலைகளைத் தூக்கினேன்.
ஆறடி.
ஆறடி.
ஆறடி.
மூன்றாவது தடவை சொல்லும்போது
குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.
அந்த அளவுக்கு மண்ணில் வேறு வேலை உண்டு.
ஒட்டோகர் தொப்பியைக் கழற்றிக்
கடலில் வீசினார். புதுத் தொப்பி.

அதன்பின் வந்தார்கள்
வெள்ளைக் கையுறைக்காரர்கள், ரயிலேறி, கப்பலேறி.
வாங்க வந்தவர்களுக்கெல்லாம் ஒரே சாப்பாட்டுக் கடை.
ருஷ்யன் கேட்டால் துருக்கியன் தள்ளிவிடுவான்
உப்புக் கிண்ணத்தை.
இருவருக்கும் பட்டறை ஒரே தள்ளுபடி தந்தது.

இரண்டு குளிர்காலம் கழித்து
மிக்குலா செய்தித்தாளை எழுத்துக்கூட்டி வாசித்தான்:
இரவு, பனிமூட்டம், நங்கூரமிட்ட கப்பல்,
இரண்டு நிமிடம்.
எத்தனையடி ஆழத்தில் என்று கேட்டேன்.
அதைப் போடவில்லை என்றான்.

போன ஆவணியில் ஒரு கவசக் கப்பல் வந்தது.
முழங்கை நீள இரும்பு, சுவர் போல.
குண்டு பட்டால் குண்டுதான் நொறுங்குமாம்,
லெப்டினென்ட் காலால் தட்டிக் காட்டினான்.
நீர்க்கோட்டுக்குக் கீழே எவ்வளவு கனம்?
அவன் என் கையிலிருந்த ஊசியைப் பார்த்தான்,
பதில் சொல்லாமல் மேலே போய்விட்டான்.
அந்தி சாய்ந்ததும்
கப்பலின் இருபக்கமும் கழிகள் நீண்டன,
கழிகளிலிருந்து இறங்கியது
எஃகு வளையம் கோத்த வலை.

சிரிப்பை அடக்க முடியவில்லை எனக்கு.
பத்தாயிரம் டன் இரும்பு
கடைசியில் எங்கள் தெருவுக்கு வந்து
சேலை கேட்பது போல நின்றது.

மறுவாரமே பட்டறையில்
மீனின் மூக்குக்குக் கத்தரிக்கோல் பொருத்தினார்கள்.

என் வலையில் ஒரு விஷயம் கவனித்திருக்கிறேன்.
ஆறாம் அடியில் முடிச்சுமேல் முடிச்சு.
கிழியும் இடம் மட்டும்
கெட்டிப்பட்டுக்கொண்டே போகிறது.
அதையும் துளைத்துப் போகிறது அது,
ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் வேகமாக.

எஃகு வலையில் ஓட்டை விழுந்தால் யார் தைப்பார்கள்
என்று ஒட்டோகரைக் கேட்டேன்.
அதற்குக் கொல்லன் வேண்டும் என்றார்.
கூலி?
நோட்டைப் புரட்டினார். அதில் எண்கள் இருந்தன.
வெளியே கொம்பு ஊதியது.
இன்னும் ஏழு ஆகவில்லை.